முன் சீட்டுக்கு வந்த மோட்டர்

ஒரு மோட்டர் வாங்க மூன்று மாதம் யோசித்தேன். “என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இத்தனை யோசிச்சிருக்க மாட்டீங்க” என்று வீட்டுக்காரி கிண்டல் செய்தாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் யோசிக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன். அதுவும் தெரியாமல் விடவில்லை. தெரிந்தேதான் விட்டேன். இதை எழுத உட்கார்ந்ததே அந்த வயிற்றெரிச்சல் தாங்காமல்தான்.

குந்தாப் பக்கம் ஒரு பவர் ஹவுஸில் முப்பத்தொரு வருஷம் ஷிப்டு ஆபரேட்டராக இருந்தவன் நான். ரிட்டயர் ஆன கையோடு எல்லாரும் கோயமுத்தூரில் மனை வாங்கினார்கள். நான் கொச்சியிலிருந்து ஒரு கயாக் வாங்கினேன். பதிமூன்றடி நீளத்தில் பிளாஸ்டிக் படகு. முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு. மேலே உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டே தூண்டில் போடலாம். “மலையில் இருக்கிறவனுக்குப் படகு எதுக்கு?” என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கீழே தேயிலைக் காட்டுக்கு நடுவில், இரண்டு மலை இடுக்கில் எஸ்டேட் ஏரி ஒன்று கிடக்கிறது. அங்கே இருக்கிற பம்பு ஹவுஸ் பேனல் கெட்டுப்போனால் நாங்கள்தான் போய்ச் சரிசெய்து கொடுப்போம். அந்த உபகாரத்துக்காக ஞாயிற்றுக்கிழமையில் மீன் பிடித்துக்கொள்ள மானேஜர் விட்டிருந்தார்.

நாங்கள் என்றால் நானும் என் கூட்டாளியும். அவரும் அதே பவர் ஹவுஸில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவர், ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின ஒற்றை அறை வீட்டில், பிறந்து நாலு வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து கப்பலேறி வந்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் நடுவட்டம் பக்கம் கொழுந்து பறித்து ஆளாக்கினார்கள். கான்ட்ராக்ட் ஹெல்பராக உள்ளே வந்து, பரீட்சை எழுதி, ஆபரேட்டர் ஆனவர். டீயை இன்னும் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. மகனோடு, மகனுடைய வீட்டில் இருக்கிறார். காலையில் பேரப்பிள்ளையை வேன் ஏற்றிவிட்டால் அவருக்கு அப்புறம் ஒரு வேலையும் கிடையாது. வாரத்தில் அவருக்கென்று இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை ஏரி ஒன்றுதான். இது எனக்கு மிக நன்றாகத் தெரியும்.

கயாக்கில் அவர் முன் சீட்டு, நான் பின் சீட்டு. அந்த ஏரியில் நங்கூரம் போட முடியாது. அடியில் பழைய தைலமரக் கட்டைகள் மூழ்கிக் கிடக்கின்றன, கயிறு மாட்டினால் அறுத்துவிட்டுத்தான் வர வேண்டும். ஆனால் அந்தக் கட்டைகளை ஒட்டித்தான் கண்ணாடிக் கெண்டை மேயும். பத்து மணியானால் பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்து படகை நகர்த்தும். அப்போது அவர் துடுப்பைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு எடுப்பார், அவ்வளவுதான். படகு ஆணியடித்த மாதிரி நிற்கும். மறு கையில் தூண்டிலும் பிடித்திருப்பார், வாயில் பேச்சும் நடந்துகொண்டிருக்கும். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், “ஏனுங்க, எப்படீங்க இது?” என்று. “மெஷின் சத்தம் மாதிரிதாண்ணே, கேட்டுக்கிட்டே இருந்தா கை தானாப் போவும்” என்பார்.

பிறகு என் தோள் போயிற்று. வீரதீரமாக ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டுக் கொல்லைப் படியில், பாசி வழுக்கி, துணி காயப்போட்ட கொடியைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். வலது தோளில் சவ்வு கிழிந்துவிட்டது. இனிமேல் துடுப்பைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். சரி, மீன்பிடிப்பு முடிந்தது என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு இவர் வந்து நிற்கிறார். “நீங்க சும்மா உக்காருங்கண்ணே, நான் ஓட்டுறேன்.” அப்படியே இரண்டு வருஷம் ஓட்டினார்.

இதற்கு நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கோ எரிச்சல் வந்தது. மனுஷனுக்கு உபகாரம் செய்வது சுலபம், வாங்கிக்கொள்வதுதான் கஷ்டம். எங்கள் வம்சமே அப்படி. யாரிடமாவது ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினால் ஒன்றரை டம்ளராகத் திருப்பிக் கொடுக்காவிட்டால் தூக்கம் வராது. ஒருநாள் ஏரிக்கு மேலே இருக்கிற ரோட்டோர டீக்கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்து, “என்னங்க, நீங்க ராசாவாட்டம் பின்னால உக்காந்து வர்றீங்க, அவரு பாவம் மூச்சு வாங்க வாங்க ஓட்டுறாரு!” என்று சொல்லிவிட்டார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். என் கூட்டாளியும் சிரித்தார். எனக்கு மட்டும் சுருக்கென்று தைத்தது.

அதற்கப்புறம் படகில் அவருடைய மூச்சு மட்டும்தான் என் காதில் விழுந்தது. புஸ், புஸ் என்று. அவர் பேசினாலும் மூச்சு கேட்டது, பேசாவிட்டாலும் கேட்டது. ஒவ்வொரு துடுப்புக்கும் என்னைக் குத்திக் காட்டுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கே முடிவு பண்ணினேன், மோட்டர் வாங்குவது என்று.

அவரிடம் சொன்னதும் குஷியாகிவிட்டார். எந்த மெஷின் என்றாலும் அவருக்குச் சந்தோஷம்தான். சாயங்காலமானால் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பவர் ஹவுஸ் லாக் புக் மாதிரியே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, எத்தனை வோல்ட், எவ்வளவு இழுவை, தண்டு எத்தனை அங்குலம், என்ன எடை என்று எழுதினார். நான் போனில் வீடியோ பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். சந்தேகம் வந்தால் விடவே மாட்டார். “இழுவை அம்பத்தஞ்சு பவுண்டுங்கறானே, அது புது பேட்டரியிலயா, பாதி இறங்கினப்புறமா?” என்று கேட்பார். வீடியோக்காரன் அதை எங்கே சொல்லப்போகிறான்?

கடைசியில் இரண்டு மோட்டர் மிஞ்சின. ஒன்று படகின் பின்னால் மாட்டுவது. கைப்பிடியைப் பிடித்துத் திருப்ப வேண்டும், என் இடது கையே போதும். படகில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இன்னொன்று படகின் மூக்கில் மாட்டுவது. முன்னால் இருந்து இழுக்கும். கழுத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டால் போதும், தானே திரும்பும். அதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் அதில் உண்டு. பொத்தானை அமுக்கினால் செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். காற்று தள்ளினால் தானே முன்னே போய்ப் பிடித்துக்கொள்ளும். நங்கூரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

ஆளும் வேண்டாம் என்பதைப் படிக்கும்போதே எனக்கு இனித்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அவர் பின்னால் மாட்டுவதையே சொல்லிக்கொண்டிருந்தார். “நமக்கு எதுக்குண்ணே அவ்வளவு? பின்னால மாட்டிக்கிட்டா நீங்க ஓட்டுங்க, நிறுத்திப் பிடிக்கிறத நான் பாத்துக்கறேன்.” ஒரு தடவை சொன்னார், இரண்டு தடவை சொன்னார். மூன்றாம் தடவை எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்துவிட்டது. “லயத்துல பொறந்த ஆளுக்கு எல்லாம் சின்னதாத்தாங்க தோணும்!” என்றேன்.

அட, அந்த வாயில் இடி விழ. அவர் நோட்டைப் புரட்டி, “தண்டு எத்தனை அங்குலம்னு சொன்னீங்க?” என்று கேட்டார். உள்ளே இருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் போனதும், “மனுஷனா நீங்க?” என்று கேட்டாள். நாளைக்கு அவர் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம் என்று இருந்தேன். மறுநாள் அவர் எப்போதும்போல வந்தார். எப்போதும்போல வந்துவிட்டாரே என்று நான் சொல்லாமல் விட்டேன்.

மோட்டர் தண்டின் நீளத்தை முடிவு பண்ண, படகின் மூக்கு தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். அதுவும் ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு. உறைபனி விழுகிற தை மாதத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, டேப்பைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். நான் படகில் உட்கார்ந்திருந்தேன். பல் கிட்டிக்க அவர் கேட்டார்: “அண்ணே, நீங்க மட்டும் உக்காந்து அளக்கவா, ரெண்டு பேரும் உக்காந்து அளக்கவா?”

அது டேப்பைப் பற்றிய கேள்வி இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். மோட்டர் கம்பெனிப் படத்தில் பார்த்திருந்தேன். மூக்கில் மாட்டுகிற மோட்டரை வேலை முடிந்ததும் தூக்கிப் படகின் மேலே படுக்கப் போட வேண்டும். தண்டு வந்து விழுகிற இடம் முன் சீட்டு. அங்கே ஆளும் உட்கார்ந்தால் பாரம் எல்லாம் மூக்கில் சேர்ந்து தண்ணீர் உள்ளே ஏறும். படத்திலேயே முன் சீட்டைக் கழற்றித்தான் காட்டியிருந்தான். பார்த்தேன், கட்டை விரலால் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். என்னைவிட நுணுக்கமாகப் பார்க்கிற அவர் அதைப் பார்க்காமல் இருந்திருப்பாரா? ஆனால் தானாக வாயைத் திறந்து கேட்க மாட்டார். நானாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தார்.

“ரெண்டையும் அளந்து வெச்சுக்கங்க” என்றேன். மழுப்பினேன்.

ஆர்டர் போட்ட அன்றைக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “எந்த அளவுண்ணே?” என்றார். “மொத அளவு” என்றேன். முதல் அளவு நான் மட்டும் உட்கார்ந்தது. அவர் அதன் மேல் ஒரு டிக் போட்டார்.

இந்த இடத்தில் பவர் ஹவுஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஷிப்டு மாறும்போது, வேலை முடிந்த ஆள் சும்மா பையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அடுத்த ஆள் வந்து மெஷினைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய ஆள் மீட்டர் மீட்டராகப் படித்துச் சொல்ல வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டு, வந்த ஆள் வாயைத் திறந்து “எடுத்துக்கிட்டேன்” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை காதில் விழுகிற வரைக்கும் வீட்டில் சாவே விழுந்திருந்தாலும் பழைய ஆள் நகரக் கூடாது. விழுந்துவிட்டால் அப்புறம் ஒரு நிமிஷமும் நிற்கக் கூடாது. இரண்டு ஆள் நின்றால் மெஷின் யார் பொறுப்பு என்று குழப்பம் வரும். அதனால்தான் அந்தக் கண்டிப்பு.

பத்தொன்பது வருஷம் அவருடைய ஷிப்டை வாங்கின ஆள் நான். ஒரு மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர ஒரு முழு நாள் ஆயிற்று. மூன்று ஷிப்டும் அவரே பார்த்திருந்தார். கண் இரண்டும் கோவைப் பழம் மாதிரி சிவந்திருந்தது. இன்ஜினியரே போகச் சொல்லியும் போகவில்லையாம். “ஏனுங்க, படுத்துட்டாவது இருக்கக் கூடாதா?” என்றேன். “நீங்க வந்து எடுத்துக்கிட்டேன்னு சொல்லாம எப்படிண்ணே?” என்றார். மீட்டர்களை ஒன்று விடாமல் படித்துச் சொன்னார். நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அப்புறம்தான் செருப்பை மாட்டினார்.

மோட்டர் வந்தது. என் வீட்டு வாசலில் வைத்து அவரேதான் எல்லாம் பொருத்தினார். படகின் மூக்கில் பலகை வைத்து, ஓட்டை போட்டு, போல்ட்டு முடுக்கி, கேபிள் இழுத்து, பேட்டரி பக்கத்திலேயே ஒரு பிரேக்கரும் வைத்தார். என் வேலை போல்ட்டை எடுத்துக் கொடுப்பது. முடித்ததும் மோட்டரைத் தூக்கிப் படுக்கப் போட்டுப் பார்த்தார். தண்டு நேராகப் போய் அவருடைய சீட்டின் மேல் விழுந்தது.

“சீட்டு கழட்டணுமேண்ணே.”

“ஆமாங்க.”

“கழட்டவா?”

“கழட்டுங்க.”

நாலு போல்ட்டு, ஐந்து நிமிஷம். கழற்றின சீட்டைத் துணியால் துடைத்தார். சாக்கில் சுற்றி, எலி கடிக்காத இடமாகப் பார்த்து ஷெட்டுப் பரணில் வைத்தார். பின் சீட்டைக் கொஞ்சம் நடுவுக்கு நகர்த்தி முடுக்கினார். “இப்பத்தாண்ணே பாரம் சமமா இருக்கும்” என்றார். வீட்டுக்காரி சாப்பிடக் கூப்பிட்டாள். “இல்லக்கா, மருமக சமைச்சு வெச்சிருக்கும்” என்று கிளம்பினார். அவர் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வராமல் இருந்துவிடுவாரோ என்று எனக்குள் உதறல் இருந்தது, வந்ததும் நிம்மதியாக இருந்தது. அப்பாடா, ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். படகைத் தண்ணீரில் இறக்கினார். என் இடது கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தார். பம்பு ஹவுஸ் படியில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“பேட்டரி பதிமூணு புள்ளி மூணு. பிரேக்கர் ஆன். ரிமோட்டு உங்க கழுத்துல. விசிறியில கொடி ஒண்ணும் சுத்தல. அவசரத்துக்குத் துடுப்பு இடது பக்கம் செருகியிருக்கு.”

சொல்லிவிட்டு நின்றார்.

என் கண் முழுக்க ரிமோட்டில் இருந்தது. புது விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளை மாதிரி பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தேன். மீட்டர் படித்த குரல் காதில் விழுந்து, அப்புறம் அந்த இடைவெளியும் வந்ததா, பத்தொன்பது வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

“எடுத்துக்கிட்டேன்” என்றேன்.

“சரிண்ணே” என்றார். திரும்பித் தேயிலைக்கு நடுவில் இருக்கிற படியில் ஏறிப் போனார். டீ குடிக்கப் போகிறார், வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

மோட்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தமே இல்லாமல் போயிற்று. கட்டைகளுக்குப் பக்கத்தில் பொத்தானை அமுக்கினேன், காற்று ஏறியும் அசையாமல் நின்றது. அரை மணியில் இரண்டு கிலோவுக்குக் குறையாத கண்ணாடிக் கெண்டை ஒன்று மாட்டியது. ஒற்றைக் கையால் மல்லுக்கட்டி வலையில் ஏற்றி, “ஏனுங்க, பாத்தீங்களா!” என்று முன்னால் தூக்கிக் காட்டினேன். முன்னால் மோட்டர்தான் இருந்தது. அதற்கு மூச்சு வாங்கவில்லை. கரையைப் பார்த்தேன், கரையிலும் யாரும் இல்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. போன் செய்தால் எடுத்தார், நல்லபடியாகத்தான் பேசினார். பேரனுக்குக் காய்ச்சல் என்றார். அதற்கடுத்த வாரம் தோட்டத்தில் பீன்ஸ் விதைக்க வேண்டும் என்றார். ஐந்தாவது வாரம் நானே பஸ் ஏறிப் போனேன்.

பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துதான் வந்தார். “அண்ணனுக்குத் தேத்தண்ணி குடும்மா” என்று மருமகளிடம் சொன்னார். முதலில் மோட்டரைத்தான் விசாரித்தார். போல்ட்டு லூஸ் ஆகிறதா, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் தாங்கவில்லை.

“ஏனுங்க, அந்த எழவு மோட்டரக் கழட்டிப் போட்டர்லாம். சீட்ட மாட்டுங்க, பழையபடி போலாம்” என்றேன்.

“எதுக்குண்ணே? நல்லாத்தானே நிக்குது?”

“நீங்க மூச்சு வாங்க வாங்க ஓட்டுனீங்க. நான் பாரமாட்டம் பின்னால உக்காந்திருந்தேன். என்னால முடியலீங்க. அதுக்குத்தான் வாங்கினேன்.”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “மூச்சா? அது எனக்குச் சின்ன வயசுலருந்து இருக்கேண்ணே. கன்ட்ரோல் ரூம்ல உக்காந்திருந்தாலும் அப்படித்தான் வரும். பத்தொம்பது வருசம் பக்கத்துல நின்னு கேட்டிருக்கீங்களே?”

ஆமாம், கேட்டிருக்கிறேன். மெஷின் சத்தத்தோடு சத்தமாகக் கேட்டிருக்கிறேன். அப்போது அது ஒரு தடவைகூட என்னை உறுத்தவில்லை.

அன்றைக்கு லயத்தைப் பற்றிப் பேசினதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் அன்னைக்கே போச்சுண்ணே” என்றார். பொய் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. “அப்புறம் என்னங்க, வாங்க” என்று கையைப் பிடித்தேன். அவர் கையை உதறவில்லை. மண் ஒட்டியிருந்த அந்தக் கையை என் கையிலேயே விட்டுவிட்டு, பீன்ஸ் கொடியைப் பார்த்தபடி சொன்னார்.

“அன்னைக்குப் படியில நின்னுக்கிட்டே இருந்தேண்ணே. ‘ஏனுங்க, நீங்க எங்க உக்கார்றது’ன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு. கேட்டிருந்தா நான் கரையிலயே உக்காந்து தூண்டில் போட்டிருப்பேன். நீங்க எடுத்துக்கிட்டேன்னுட்டீங்க. அதுக்கு மேல நான் எப்படிண்ணே நிக்கிறது?”

திரும்பவும் குச்சியை எடுத்துக்கொண்டு கொடிப் பக்கம் போனார். குனிந்து நடும்போது அந்த மூச்சு கேட்டது. பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.